கிளினிக் நாள் மாறினால் ஊர் டொக்டருக்கு யார் சொல்வது?

கொழுந்துக்கூடை
மலையகத்தில் இருக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. பெரியாஸ்பத்திரியில் ஒரு கிளினிக் நாள் மாறினால், நிபுணர் மாற்றலாகிப் போனால், ஸ்கேன் மெஷின் பழுதாகிக் கிடந்தால், அது உங்கள் ஊரில் மருந்து கொடுக்கிற டொக்டருக்கு எப்படித் தெரிய வருகிறது? எங்கள் பக்கத்து நடைமுறை என்னவென்றால், நோயாளி போய், காத்திருந்து, ஏமாந்து திரும்பி வந்து, "டொக்டர், அந்தக் கிளினிக் இப்போது இல்லையாம்" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் டொக்டருக்கே தெரியும்.

போன மாதம் மாமியாருக்குக் கண் மங்குகிறது என்று டவுன் டிஸ்பென்சரி டொக்டர் கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். சீனி வருத்தம் பல வருடமாக இருக்கிறது, கண்ணின் பின்பக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார், சரியான பேச்சுதான். விடியற்காலை முதல் பஸ்ஸில் வீட்டுக்காரர் கூட்டிப் போனார். கிளினிக் கதவில் சிங்களத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்திருக்கிறது. இவர் சிங்களம் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் அந்தத் தாளுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அந்த வழியாக வந்த அட்டெண்டன் ஒருவர்தான் பாவம் பார்த்துச் சொன்னாராம், டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் வரும்வரை கிளினிக் நடக்காது என்று. இவருக்கு அன்றைய பேர் (நாள் கூலி) போச்சு, ஓட்டோக் காசு வேறு.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன், திட்டுவதற்காக எழுதவில்லை. துண்டு எழுதினவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் வேறு இடத்துக்கு எழுதியிருப்பாரே, அதுதான் கேள்வி.

மாலைநேர டிஸ்பென்சரி
அந்தத் துண்டை நான் எழுதவில்லை, ஆனால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன், அதனால் பதில் சொல்கிறேன். எங்களுக்கு ஒன்றும் வருவதில்லை. நான் பகலில் அரச ஆஸ்பத்திரி ஒன்றில், மாலையில் டவுனில் சொந்த டிஸ்பென்சரி. பகலில் வேலை செய்கிற இடத்தில் நடப்பது தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரியில் நடப்பது, அங்கே என் பெட்ச் ஆட்கள் (கூடப் படித்தவர்கள்) யாராவது இருந்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை. பெட்ச்மேட் மாற்றலாகிப் போனால் என் செய்திச் சேவையும் சேர்ந்து மாற்றலாகிவிடும்.

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற ஒரு விஷயம் உண்டு. டெங்கு, எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தாலே எச் 544 படிவத்தை நிரப்பி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தனியார் டொக்டருக்கும் அது சட்டப்படி கடமை, அந்தச் சட்டம் 1897 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அந்தக் கணக்கெல்லாம் சேர்ந்து தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையாக வெளிவருகிறது, நானும் வாசிக்கிறேன், நல்ல வேலை. ஆக, நான் மேலே சொல்வதற்கு வெள்ளைக்காரன் காலத்து வழி ஒன்று இருக்கிறது. "எங்கள் சீடி ஸ்கேன் இந்த வாரம் வேலை செய்யாது" என்று மேலே இருந்து எனக்குச் சொல்வதற்கு இந்த வாட்ஸ்அப் காலத்திலும் வழி இல்லை.

சீடியை ஏன் சொல்கிறேன் என்றால், கண் கிளினிக் தவறினால் அலைச்சலும் காசும், பக்கவாதத்தில் தவறினால் ஆளுக்கே ஆபத்து. வாய் கோணி, கை விழுந்து ஒருவரைக் கொண்டு வருகிறார்கள் என்று வையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட வேண்டுமானால் அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் மூளையில் இரத்தம் கசியவில்லை என்று சீடியில் பார்த்தாக வேண்டும். நான் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். அங்கே மெஷின் பழுது. அங்கிருந்து அம்புலன்ஸ் போட்டு கண்டிக்கு அனுப்புகிறார்கள். நம் மலை ரோட்டில், அதுவும் மழை நாளில், அந்த நாலரை மணித்தியாலம் எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு முதலே தெரிந்திருந்தால் அந்த முதல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கவே மாட்டேன்.

தேயிலைத்தூள்
டொக்டர், சுவசெரிய அம்புலன்ஸுக்கு, 1990 க்கு, ஃபோன் எடுத்தால் அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? காசும் இல்லை.

மாலைநேர டிஸ்பென்சரி
எடுங்கள், கட்டாயம் எடுங்கள், அது நல்ல சேவை. ஆனால் அவர்களும் வழக்கமாகப் பொருத்தமான கிட்டிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவார்கள். எது பொருத்தம் என்று இன்றைக்கு, இந்த நேரத்துக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

டிவிஷன் மருந்துக்காரன்
நான் தோட்டத்து ஈஎம்ஏ, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர். டொக்டர் ஐயாமாருக்கே வராத செய்தி எங்களுக்கு வருமா? ஆனால் தோட்டத்தில் எது நடந்தாலும் முதலில் எங்கள் டிஸ்பென்சரிக்குத்தான் தூக்கி வருவார்கள்.

குளவி கொட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன், டவுன் ஆட்களுக்கு அது பேப்பரில் வருகிற மூன்று வரிச் செய்தி. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கூடு கலைந்தால் ஒரே நேரத்தில் பத்துப் பேரைத் தூக்கி வருவார்கள். முகம் வீங்கி, மூச்சு இழுத்து வருகிறவருக்கு அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டு உடனே அனுப்ப வேண்டும், அதில் யோசனை கிடையாது. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடப்பதை. நிறையக் கொட்டு வாங்கினவருக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத் தசை கரைந்து சிறுநீரகம் அடிபடலாம். வீட்டுக்கு விடும்போது டயக்னோசிஸ் கார்டில் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) திரும்பப் பார்க்கச் சொல்லி எழுதி விடுகிறார்கள். அது ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில் இருக்கும். அந்தக் கார்டை அவர் ஷொப்பிங் பேக்கில் சுற்றி, லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த நாள் பெரட்டுக்கு (காலை வேலைக் கணக்கெடுப்புக்கு) போய்விடுவார். எனக்கு யாரும் சொல்வதில்லை. கங்காணி வந்து "அந்தப் பொம்பளைக்கு ஒண்ணுக்கு பிளேன்டி கலரில் போகுதாம் ஐயா" என்று, பால் விடாத தேநீர் நிறத்தில் போகிறது என்று, சொன்னபோதுதான் நான் ஓடினேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், அது வேறு கதை.

ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு ஃபோன், "உங்கள் தோட்டத்து ஆளை இன்றைக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு விடுகிறோம், வெள்ளிக்கிழமை இரத்தம் எடுங்கள்" என்று. இதற்குத் தனித் திட்டம் வேண்டுமா?

லெஸ்டர் மாமா
நான் பிறந்தது பூண்டுலோயா, இப்போது இங்கிலாந்தில். இங்கே எப்படி என்று சொல்கிறேன், பெருமைக்கு இல்லை.

இங்கே அநேகமாக எல்லாரும் ஒரு ஜீபீயிடம் (குடும்ப வைத்தியரிடம்) பதிந்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் படுத்து வெளியே வந்தால் 24 மணித்தியாலத்துக்குள் அந்த ஜீபீக்குச் சுருக்கம் போய்ச் சேர வேண்டும், கிளினிக் பார்த்தால் ஏழு நாளுக்குள் கடிதம் போக வேண்டும், அதெல்லாம் ஆஸ்பத்திரிகளோடு செய்கிற ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அப்புறம் பல ஆஸ்பத்திரிகள் ஜீபீக்களுக்கென்றே செய்திமடல் அனுப்பும்: இந்தக் கிளினிக் இடம் மாறுகிறது, இந்தப் பரிசோதனைக்கு இனிப் புதுப் படிவம், தோல் நிபுணருக்குக் காத்திருப்பு இவ்வளவு. ஜீபீ நேரடியாக நிபுணரிடம் கணினி வழியே ஆலோசனையும் கேட்கலாம், ஆளை அனுப்பாமலே.

இத்தனை இருந்தும் என் ஜீபீ, ஆஸ்பத்திரிக் கடிதம் பிந்தி வருகிறது, வந்தாலும் பாதி விளங்கவில்லை என்றுதான் புலம்புகிறார். அங்கே ஒன்றுமே இல்லை என்று கேட்கும்போது என்ன சொல்வது.

ரப்பர்ஸ்டாம்ப்
மாமா, குறை நினைக்க வேண்டாம், இங்கிலாந்துக் கதையை இங்கே பொருத்த முடியாது. அங்கே ஆளுக்கு ஒரு டொக்டர் என்று எழுத்தில் இருக்கிறது, அதனால் கடிதம் எங்கே போக வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குத் தெரியும். நம் நாட்டில் யாரும் எந்த அரச ஆஸ்பத்திரி ஓபிடிக்கும் (வெளிநோயாளர் பிரிவுக்கும்) நேரே போகலாம், யாரிடமும் பதிய வேண்டியதில்லை. என் அப்பா தடிமனுக்கு டவுன் டிஸ்பென்சரி, பிரஷருக்கு அரச கிளினிக், முழங்கால் வலிக்கு இன்னொரு டொக்டர், அது போதாதென்று புசல்லாவையில் நாட்டு வைத்தியர் ஒருவர். அப்பாவின் குடும்ப வைத்தியர் யார் என்று ஆஸ்பத்திரி கேட்டால் நானே முழிப்பேன். அதற்காக நேரே போகிற சுதந்திரத்தையும் விட்டுவிட நான் தயாரில்லை, அது நம் ஆட்களுக்குக் கிடைத்த பெரிய விஷயம்.

லெஸ்டர் மாமா
தம்பி சொல்வது நியாயம். ஆனால் நோயாளியைப் பற்றிய கடிதத்துக்குத்தான் ஆளுக்கு ஒரு டொக்டர் வேண்டும். "செவ்வாய்க்கிழமை கண் கிளினிக் இல்லை" என்பதற்கு யார் யாருடைய நோயாளி என்று தெரிய வேண்டியதே இல்லையே, எல்லாருக்கும் ஒரே செய்திதானே.

மாலைநேர டிஸ்பென்சரி
மாமா சொன்னதுதான் இந்த விஷயத்தின் சாவி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "கணினி வரட்டும், எல்லாரையும் பதியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று தள்ளிக்கொண்டே போகிறோம். நோயாளி விவரம் கஷ்டமான வேலை, அது வரும்போது வரட்டும். சேவை விவரம் ஒரு தாள் விஷயம்.

அதுவரை நோயாளி விவரத்துக்கு நான் செய்கிற ஒரு சின்ன வேலை: துண்டு எழுதும்போது தாளின் நடுவில் கோடு போட்டு, கீழ்ப்பாதியில் "நோய், மருந்து, அடுத்த கிளினிக்" என்று மட்டும் எழுதி இடம் விடுவேன். "இதைக் கிழித்து இவரிடமே கொடுத்து விடுங்கள்" என்றும் எழுதுவேன். முழுக் கடிதமாகப் பதில் கேட்டால் எந்த ஹவுஸ் ஒஃபிசருக்கும் (வார்ட்டில் வேலை செய்கிற இளம் டொக்டருக்கும்) நேரம் இருக்காது. மூன்று வரி என்றால் சிலர் எழுதி அனுப்புகிறார்கள். மிச்சம் எல்லாம் கட்டில் தலைமாட்டுக் கோப்புக்குள் போய்விடுகிறது, அதற்கு என்ன செய்ய.

கிளினிக் மிஸ்
இவ்வளவு நேரம் வாசித்துவிட்டு எழுதாமல் போக மனசு வரவில்லை. நான் ஆஸ்பத்திரிக்கு உள்ளே இருந்து எழுதுகிறேன்.

கதவில் தாள் ஒட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் வேண்டுமென்று மறைப்பதில்லை. நிபுணர் இடமாற்றக் கடிதம் வந்து ஆள் போவதற்கும் அடுத்தவர் பொறுப்பெடுப்பதற்கும் நடுவில் எத்தனை நாள் ஆகும் என்று எங்களுக்கே தெரியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போனவர்கள் எத்தனையோ பேர், சிலருடைய இடத்துக்கு ஆள் வரச் சுணங்கியது. கிளினிக்கை நிறுத்தவும் முடியாமல், நடத்தவும் முடியாமல், வந்தவர்களிடம் திட்டு வாங்குவது நாங்கள்தான். ஒரு நாளைக்கு வருகிற கூட்டத்தில் பெயர் கூப்பிடவே தொண்டை போய்விடும், இதில் யாருக்கு ஃபோன் எடுப்பது? இந்தப் பகுதியில் எத்தனை டிஸ்பென்சரி, எத்தனை தோட்டத்து ஈஎம்ஏ என்று எங்கள் ஒஃபிசில் ஒரு லிஸ்ட் கிடையாது. லிஸ்ட் தாருங்கள், அனுப்புவது பெரிய காரியம் இல்லை.

போயாவை (பௌர்ணமி விடுமுறையை) பற்றி யாருமே எழுதவில்லை, அதுதான் எங்களுக்கு மாதாமாதத் தலைவலி. திங்கட்கிழமைக் கிளினிக்காரருக்கு "நாலு வாரம் கழித்து" என்று எழுதிவிடுகிறோம், அந்தத் திங்கள் போயாவாக இருந்தால் கிளினிக் இல்லை. இரண்டு மாத மருந்தாக இருந்தால் இன்னும் கஷ்டம், அவ்வளவு தூரம் கலண்டரைத் தட்டிப் பார்த்து எழுத எல்லாருக்கும் நேரம் இல்லை. போயாவுக்கு அடுத்த நாள் வந்தால் மருந்து தருவோம் என்று வாயால் சொல்கிறோம், வயதான ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். மருந்து முடிந்து ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு, தலை சுற்றி விழுந்து, அப்புறம் டிஸ்பென்சரிக்குப் போவார்கள். அங்கே டொக்டருக்கு என்ன மருந்து என்றே தெரியாது, மாத்திரையின் நிறத்தைச் சொல்வார்கள்!

தேயிலைத்தூள்
"வெள்ளைச் சின்னக் குளிசை" 😀 எங்கள் பாட்டி.

மூலைக்கடை பாமசி
நிறத்தைச் சொல்கிறார்கள் என்று சிரிக்காதீர்கள், என் கடை முன்னால் தினமும் நடப்பது. கிளினிக்கில் மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்று எழுதி விட்டால் என்னிடம்தான் வருவார்கள். எந்த மருந்து இந்த மாதம் ஆஸ்பத்திரியில் இல்லை என்று முன்கூட்டித் தெரிந்தால் நான் எடுத்து வைப்பேன். பின்நேரம் கொப்பியோடு வரும்போது இல்லை என்று சொல்லி ஹட்டனுக்கு அனுப்ப எனக்கும் விருப்பம் இல்லை.

இரத்தம் கட்டியாகாமல் இருக்க வோஃபரின் குடிக்கிற ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதய வால்வு மாற்றினவர்கள், நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறவர்கள் குடிப்பது. கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் பல்வலிக்கு டிஸ்பென்சரிக்குப் போவார்கள், அங்கே மெட்ரோனிடசோல் என்ற கிருமி மருந்தும் டைக்ளோஃபெனக் என்ற வலி மருந்தும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், டொக்டரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தெரியாது. மெட்ரோனிடசோல் வோஃபரினின் வேகத்தைக் கூட்டும், டைக்ளோஃபெனக் வயிற்றைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று டொக்டர்மார் சொல்லட்டும். என் கையில் இரண்டு துண்டும் ஒன்றாக வந்தால் பிடித்துவிடுவேன், வராவிட்டால் இல்லை.

மாலைநேர டிஸ்பென்சரி
சரியாகச் சொன்னீர்கள். வோஃபரின் ஆட்கள் கிளினிக் கொப்பி இல்லாமல் எந்த டொக்டரிடமும் போகக்கூடாது. கொப்பி பெரிது என்றால் முன்பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச்சேலை
நான் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற குடும்பநல உத்தியோகத்தர், நீங்கள் மிட்வைஃப் என்பீர்கள். இது முடியாத காரியம் போல எல்லாரும் பேசுகிறீர்கள். தாய்மார் விஷயத்தில் எத்தனையோ வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. கர்ப்பிணிக்குப் பதிவேடு இருக்கிறது, ஒரு பகுதி தாயிடம், ஒரு பகுதி எங்களிடம். வயிறு பெரிதாகும் முன்னாலேயே எந்த ஆஸ்பத்திரி, எந்த கிளினிக் நாள், இரத்த வகை, எல்லாம் அதில் ஏறிவிடும். பிள்ளை பெற்று வந்தால் முதல் பத்து நாளுக்குள் நாங்கள் லயத்துக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும், ஆஸ்பத்திரியில் என்ன எழுதி விட்டார்கள் என்று அந்தப் பதிவேட்டில் பார்ப்போம். அட்டை கடிக்க, மழையில் நனைந்து, எத்தனை லயம் ஏறியிருப்பேன். கொம்பியூட்டர் இருக்கவில்லை, வாட்ஸ்அப் இருக்கவில்லை. ஒரு பகுதிக்கு ஒரு மிட்வைஃப் என்று ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

சீனி, பிரஷர்காரருக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. பிள்ளை பெறுகிற காலம் வரைக்கும் நம் பெண்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறது அரசாங்கம், அதே பெண்ணுக்கு ஐம்பது வயதில் சீனி வந்தால் அவளே தேடிப் போக வேண்டும்.

கொழுந்துக்கூடை
அக்கா, நீங்கள் சொன்னதை என் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன், அவருக்கு உங்களைப் போல ஒரு மிட்வைஃப் அம்மாவை நல்ல ஞாபகம் இருக்கிறதாம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஃபேஸ்புக்கில் ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கிறது, அதில் போடச் சொல்லலாமா?

ரப்பர்ஸ்டாம்ப்
ஃபேஸ்புக் பக்கத்தில் இரத்ததான முகாம் படமும் பிரியாவிடை கேக் வெட்டும் படமும்தான் வரும். கட்டடத் திறப்பு என்றால் ஊரெல்லாம் செய்தி வரும், 2017 இல் டிக்கோயாவுக்கு மோடி வந்து 150 கட்டில் ஆஸ்பத்திரியைத் திறந்ததைச் சின்னப் பிள்ளையும் சொல்லும், நல்லதுதான், நானும் நோர்வூட் கூட்டத்துக்குப் போனேன். ஆனால் எந்த ஆஸ்பத்திரியாக இருக்கட்டும், புதன்கிழமை என்ன கிளினிக் என்று கேட்டுப் பாருங்கள். அதோடு, போட்டால் இரண்டு மொழியிலும் போட வேண்டும், சட்டமும் அதுதான்.

டிவிஷன் மருந்துக்காரன்
வாட்ஸ்அப் குரூப் போடலாம். டிஸ்பென்சரி டொக்டர்மார், ஈஎம்ஏமார், பாமசிக்காரர்கள், ஆஸ்பத்திரியில் இருந்து ஒருவர்.

மாலைநேர டிஸ்பென்சரி
எனக்குச் சம்மதம், ஆனால் இரண்டு நிபந்தனை. நோயாளியின் பெயரோ கார்ட் படமோ அதில் வரவே கூடாது. இப்போதே சில குரூப்களில் டயக்னோசிஸ் கார்டைப் பெயரோடு படம் பிடித்துப் போட்டு "இது என்ன மருந்து ஐயா" என்று கேட்கிறார்கள், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் அது தப்பு. மற்றது, ஆஸ்பத்திரி ஆள் மட்டும்தான் செய்தி போட வேண்டும், மற்றவர்கள் வாசிக்க மட்டும். இல்லையென்றால் மூன்றாம் நாள் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்து நிறையும், செய்தி அடியில் போய்விடும்.

கிளினிக் மிஸ்
பணிப்பாளரின் அனுமதி இல்லாமல் நான் ஒன்றும் போட முடியாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்தில் கேளுங்கள். டொக்டர்மார் நாலு பேர் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் கொடுத்தால் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன், எங்கள் தொல்லையும் குறையுமே. வெள்ளிக்கிழமை பின்நேரம் ஒரு செய்தி: அடுத்த வாரம் எந்தக் கிளினிக் இல்லை, எந்த மெஷின் பழுது, எந்த மருந்து வெளியே வாங்க வேண்டும், போயா இருந்தால் மாற்று நாள். இடையில் சீடி நின்றால் அதை உடனே போட வேண்டும், வெள்ளி வரை வைத்திருக்கக் கூடாது. திரும்ப வேலை செய்யத் தொடங்கினாலும் போட வேண்டும், அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

பசறைப் பனி
பதுளைப் பக்கத்தில் இருந்து. தித்வா புயலில், 2025 நவம்பர் கடைசியில், மண் சரிந்து ரோடெல்லாம் அறுந்து கிடந்தபோது எங்கள் பக்கத்துக்காரர்கள் இப்படி ஒரு குரூப் போட்டார்கள். எந்த ரோட்டில் அம்புலன்ஸ் போகும், டயலிசிஸ் ஆட்களை எங்கே கொண்டு போவது, யாரிடம் இன்சுலின் இருக்கிறது. யாரும் அனுமதி கேட்கவில்லை, தானாக நடந்தது. ரோடு திறந்ததும் குரூப் தூங்கிவிட்டது. நல்ல நாளிலும் யாராவது ஒருவர் அதைத் தன் வேலை என்று செய்ய வேண்டும், ஆர்வத்தை மட்டும் நம்பினால் இரண்டு மாதம்தான்.

மூலைக்கடை பாமசி
கடிதம் டைப் பண்ணுவது என் பொறுப்பு, சிங்களத்திலும் தமிழிலும். லிஸ்ட்டும் நான் சேர்க்கிறேன், மருந்துக் கம்பனி ரெப்மாரிடம் கேட்டால் எந்த டவுனில் எந்த டிஸ்பென்சரி என்று விரல்நுனியில் வைத்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக்குத் தெரியவில்லை பாருங்கள்.

டிவிஷன் மருந்துக்காரன்
ஒரு விஷயம். எங்கள் மேல் டிவிஷனில் டேட்டா எடுக்காது, மழை என்றால் சுத்தமாக இல்லை. எஸ்எம்எஸ் மட்டும் எப்படியோ வந்துவிடும். வாட்ஸ்அப் மட்டும் போட்டால் தோட்டத்து ஆட்கள் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

கிளினிக் மிஸ்
எஸ்எம்எஸ் என்றால் சுருக்கமாகத்தான் எழுத முடியும், ஆஸ்பத்திரி ஃபோனில் அனுப்பச் செலவும் வரும். கடிதத்தில் அதையும் சேர்த்துக் கேளுங்கள். ஈஎம்ஏமார் இலக்கங்களைத் தனியாகத் தாருங்கள், அவர்களுக்கு எஸ்எம்எஸ், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்.

மூலைக்கடை பாமசி
சரி மிஸ், சேர்த்துவிடுகிறேன். டொக்டர், கையெழுத்துக்குச் சனிக்கிழமை பின்நேரம் வரலாமா?

மாலைநேர டிஸ்பென்சரி
சனி நோயாளிக் கூட்டம் அதிகம், ஞாயிறு காலை வாருங்கள். மற்ற மூன்று பேரிடமும் நான் பேசி வைக்கிறேன்.